கறுப்புத்தண்ணிக் காய்ச்சல்

போன மாதம் லாச்சப்பலில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது தெரிந்த அக்கா ஒருவர் மறித்தார். மகன் வேலை விசயமாக ஐவரி கோஸ்ட் போகிறானாம், இரண்டு கிழமை. பெருமையாகத்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீங்கள் அந்தப் பக்கத்தால வந்தனீங்கள்தானே. மலேரியாக் குளிசை ஏதும் வீட்டில மிச்சம் கிடக்கோ? டொக்டரிட்டப் போறதெண்டா பெடியன் ஒருநாள் லீவு எடுக்கோணும்" என்றார்.

நான் அந்த இடத்தில் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அக்காவின் முகம் சுருங்கிப் போனது. வீட்டுக்கு வந்து மனுசியிடம் சொன்னபோது, "அதுக்கேன் அவவோட ஏறி விழுந்தனீங்கள்?" என்று கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் மனுசிக்கும் முழுக்கச் சொல்லாத கதை அது. இதை எழுதி முடித்ததும் முதலில் வாசிக்கப் போவது அவதான்.

1997. மாசி மாதம் கொழும்பில் ஏறி, இரண்டு விமானம் மாறி, டோகோ நாட்டின் தலைநகரான லோமேயில் இறங்கினோம். மேற்கு ஆபிரிக்கக் கரையில் கானாவுக்கும் பெனினுக்கும் நடுவில் ஒரு கீலம் போலக் கிடக்கிற நாடு. லோமே நகரத்தின் ஒரு விளிம்பே கானா எல்லைதான், தெருவால் நடந்து போனால் எல்லைக் கம்பி வந்துவிடும். "பத்து நாளில பாரிஸ்" என்றுதான் ஏஜென்சிக்காரன் சொன்னவன். நாங்கள் எட்டுப் பேர் ஒரு அறைக்குள் நாலு மாதம் கிடந்தோம். பாஸ்போட்டுகள் அவனுடைய ஆளிடம். இரவு ஆனால் வெளியால் பூட்டு. பகலில் இரண்டு பேராகக் கடைக்குப் போய்வரலாம். தெருவில் சின்னப் பிள்ளைகள் எங்களைக் கண்டால் "யோவோ, யோவோ" என்று பாட்டுப் போலக் கத்துவார்கள். யோவோ என்றால் வெள்ளைக்காரன். எங்களைப் பார்த்து வெள்ளைக்காரன் என்று சொன்ன ஒரே இடம் உலகத்தில் அதுதான்!

எட்டுப் பேரில் ஒருவனை நாங்கள் வாத்தி என்று கூப்பிடுவோம். ஊரில் ரியூசன் கொட்டிலில் கணக்குப் படிப்பித்தவன். வயது 24. 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணமே எழும்பி நடந்ததே, அப்போது தாயையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு தென்மராட்சி போய், அங்கிருந்து கிளாலியால் வன்னிக்குப் போனவன். வன்னிக்குப் போன யாழ்ப்பாணத்து ஆக்களை முதல் பிடித்தது மலேரியாதான். உங்களில் கனபேருக்கு அது தெரிந்திருக்கும். மரத்துக்குக் கீழே கொட்டில், குளத்தங்கரை, நுளம்பு வலை கிடையாது, பொருளாதாரத் தடையால் மருந்துத் தட்டுப்பாடு. வாத்திக்கு அங்கே மூன்று தரம் வந்து மாறியிருந்தது. விரலில் குத்தி இரத்தம் எடுத்து, குளோரோகுயின் போட்டு, பிறைமாகுயின் போட்டு, எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

அதனால்தான் லோமேயில் முதல் காய்ச்சல் வந்தபோது அவன் பயப்படவில்லை. "இது எங்கட பழைய சிநேகிதன்ரா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் தெரியாது, அது பழைய சிநேகிதன் இல்லையென்று. ஊரில் கூடுதலாக இருந்தது வைவக்ஸ் என்ற வகை. ஆட்டிப் படைக்கும், ஆனால் ஆளைக் கொல்வது குறைவு. மேற்கு ஆபிரிக்காவில் அநேகமாக எல்லாமே பல்சிபாரம். அது மூளைக்கும் போகும், சிறுநீரகத்துக்கும் போகும். குளோரோகுயினுக்கு அது மசியாத காலமும் வந்துவிட்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக ஏஜென்சிக்காரனின் ஆள் விடவில்லை. "பொலிஸ் வரும், எல்லாருக்கும் அலுவல் கெடும்" என்றான். பார்மசியில் மருந்து யானை விலை. 1994 தையில் அந்த நாட்டுக் காசான சீஎப்ஏ பிராங்கின் பெறுமதியை ஒரே நாளில் பாதியாக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து வருகிற மருந்தெல்லாம் சனத்துக்கு எட்டாமல் போயிருந்தது. அதனால் தெருவில் மருந்து விற்பார்கள். பெண்கள் தலையில் ஒரு தட்டம் வைத்து, அதில் குளிசைகளைக் கலர் கலராக அடுக்கிக்கொண்டு வருவார்கள். சிலர் நிலத்தில் துணி விரித்து வைத்திருப்பார்கள். 'பார்மசி பார் தேர்' என்று பெயர், தரை மருந்துக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையிடிக்கு, வயிற்றோட்டத்துக்கு, மலேரியாவுக்கு என்று எல்லாம் உதிரியாக வாங்கலாம்.

நான்தான் வாங்கினேன். எங்களுக்குள் கொஞ்சம் பிரெஞ்சு பொறுக்கியிருந்தது நான் என்பதால் வெளி அலுவல் எல்லாம் என் தலையில். கினின் குளிசை. ஊரில் கொயினா என்று பழைய ஆக்கள் சொல்வார்களே, அதுதான். எத்தனை போட வேண்டும், எத்தனை நாள் போட வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? கினின் என்றால் ஒரு நாளைக்கு மூன்று வேளையாக ஏழு நாள் போட வேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன். கடும் கைப்பு, காதுக்குள் வண்டு ரீங்காரம், தலைச்சுற்று. வாத்தி இரண்டு நாள் போடுவான், காய்ச்சல் விடும், நிற்பாட்டி விடுவான். "மிச்சத்தை வைப்பம், அடுத்த முறைக்கு உதவும்" என்று ஒரு துண்டுப் பேப்பரில் சுற்றி வைப்பான். காசு அவ்வளவு அருமை. இப்படிச் சித்திரையில் ஒருதரம், வைகாசி தொடக்கத்தில் ஒருதரம்.

மூன்றாம் தரம் வைகாசிக் கடைசி. மழைக்காலம், வாசலில் தண்ணீர் நின்றது. பின்னேரம் காய்ச்சல் வர, வைத்திருந்த துண்டைப் பிரித்து இரண்டு குளிசை போட்டான். நான்தான் தண்ணி எடுத்துக் கொடுத்தேன். இரவு நடுக்கம் தொடங்கியது. நடுக்கம் என்றால் கட்டில் இடம்பெயர்கிற நடுக்கம். நாரி நோகுது, நாரி நோகுது என்று முனகினான். கதவு பூட்டு என்றபடியால் இரவில் சலம் போக அறைக்குள் ஒரு பிளாஸ்ரிக் போத்தல் வைத்திருந்தோம். விடிய நான் அதை வெளியில் ஊற்ற எடுத்தேன். உள்ளே கறுப்பாக இருந்தது. யாரோ கொக்கா கோலா மிச்சத்தை ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் விளிம்பில் சிவப்பு அடித்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சள் கரைத்து ஊற்றின மாதிரி.

வீட்டுக்காரக் கிழவிதான் எங்களைக் காப்பாற்றப் பார்த்தவர். போத்தலைக் கண்டதும் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஏவே பாசையில் கத்தினார். ஏஜென்சிக்காரனின் ஆள் குறுக்கே நிற்க, அவனைக் கையால் தள்ளிவிட்டுத் தெருவில் போய் ரக்சி பிடித்தார். ரக்சிக் காசும் அவருடையதுதான். இன்றைக்கும் நான் கும்பிடும்போது அந்த முகமும் வரும்.

ஆஸ்பத்திரியில் ஊசி, கையுறை, பஞ்சு எல்லாம் நாங்கள்தான் துண்டு எழுதி வாங்கிக் கொடுக்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். ஒரு இளம் டோகோ டொக்டர் வந்தார். போத்தலைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். நீளமாகப் பிரெஞ்சில் கேட்டார். எனக்கு விளங்கினது ஒரே ஒரு சொல்.

"கினின்?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தரம் என்னை நானே கேட்டிருக்கிறேன். தெருவில் மருந்து வாங்கினது குற்றம், பொலிஸில் சொல்லிவிடுவார்கள், பாஸ்போட் கேட்பார்கள், எட்டுப் பேரையும் திருப்பி ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். ஊரில் செக்பொயின்ரில் எதைக் கேட்டாலும் முதலில் இல்லை என்று சொல்லிப் பழகின வாய். அவர் திரும்ப ஒருக்கால் கேட்டார். நான் திரும்பவும் இல்லை என்றேன். வாத்தி மயக்கத்தில் கிடந்தான். இரத்தப் பரிசோதனையில் பல்சிபாரம் என்று வந்தது. கடும் மலேரியாவுக்கு அந்தக் காலத்தில் எங்கேயும் கொடுக்கிற மருந்தைத்தான் அவர்களும் கொடுத்தார்கள். சேலைனில் கலந்து, நரம்பால், இரவு முழுக்க. கினின்.

விடிய எடுத்த சலம் தார் மாதிரி இருந்தது. அதுவும் ஒரு சின்னக் கோப்பை அளவுதான். முகம் வெளிறிக் கடதாசி மாதிரி. அப்போதுதான் நான் டொக்டரைத் தேடி ஓடினேன். கையால், காலால், தெரிந்த நாலு சொல்லால் சொன்னேன்: கினின், ஓம், மூன்று தரம், தெருவில். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். கண்ணை ஒருக்கால் மூடித் திறந்தார், போய் சேலைனை நிற்பாட்டினார். ஆர்த்தீமீற்றர் என்ற ஊசிக்கு எழுதித் தந்தார். அதற்குக் காசு எட்டுப் பேரும் போட்டோம்.

இரத்தம் வேண்டும் என்றார்கள். எனக்கு குரூப் பொருந்தவில்லை. பொருந்தினது ஒருவனுக்கு மட்டும். அவனும் வாத்தியும் இயக்கக் கதை கதைத்து அடிபட்டு ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மீன்ரின்னைக்கூடப் பங்கு பிரித்துத் தனித்தனியாகச் சமைத்தவர்கள். அவன் ஒன்றும் கதைக்காமல் போய்க் கையை நீட்டிக்கொண்டு இருந்தான். கொடுத்து முடிய வந்து, "மெசின் ஒண்டு இருக்காமே, இரத்தத்தைக் கழுவுறது" என்று என்னிடம் கேட்டான். அந்த ஆஸ்பத்திரியில் அது இல்லை. நான்காம் நாள் சலம் அடியோடு நின்றது. உடம்பு ஊதியது. விக்கல் தொடங்கினது. ஒன்பதாம் நாள் விடியப்புறம் வாத்தி போய்விட்டான்.

எரிக்க வழியில்லை, தாட்டோம். கடற்காற்று வீசுகிற மணல் நிலம். ஒருவன் வைத்திருந்த நல்லூர்த் திருநீறு பூசினோம். இன்னொருவன் தேவாரம் சொல்லத் தொடங்கி முடிக்காமல் நின்றுவிட்டான். தலைமாட்டுப் பலகையில் எழுதின பெயர் அவனுடையதல்ல. பாஸ்போட்டில் இருந்த பெயர். யாரோ ஒருவரின் பெயர், யாரோ ஒருவரின் பிறந்த திகதி. கணக்கு வாத்தி, இருபத்துநாலு வயதுக்காரன், இருபத்தொன்பது வயது வேறொருவனாக அங்கே கிடக்கிறான்.

ஆனி மாதக் கடைசியில் நான் பாரிஸ் வந்து சேர்ந்தேன்.

இங்கே வந்து பாசை பிடிபட்ட பிறகு இந்த வருத்தத்தைப் பற்றிக் கிடைத்ததெல்லாம் வாசித்தேன். ஆங்கிலத்தில் இதற்குக் கறுப்புத்தண்ணிக் காய்ச்சல் என்றுதான் பெயர். வெள்ளைக்காரன் மேற்கு ஆபிரிக்காவை 'வெள்ளையனின் புதைகுழி' என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பெயரை வைத்து 1884 இல் இதை விளக்கி எழுதியவர் ஜோன் பாரெல் ஈஸ்மன் என்ற ஆபிரிக்க வைத்தியர். சியரா லியோனில் பிறந்து கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், வேலை செய்தவர். எங்கள் அறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த எல்லைக்கு அந்தப் பக்கத்து நாடு. நாங்கள் அதற்குள் நூற்றுப்பதின்மூன்று வருசம் கழித்துப் போய் ஒன்றும் தெரியாமல் விழுந்திருக்கிறோம்.

நடப்பது இதுதான். சாதாரண மலேரியாவில் கிருமி புகுந்த செங்குழியங்கள் உடையும். இந்தச் சிக்கலில் கிருமி புகாத செங்குழியங்களும் இரத்தக் குழாய்க்குள்ளேயே கூட்டம் கூட்டமாக உடைகின்றன. உள்ளே இருக்கிற ஈமோகுளோபின் வெளியே கொட்டுகிறது. அதைப் பிடித்து அப்புறப்படுத்த இரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது, ஆனால் அளவு மிஞ்சினால் அதாலும் ஏலாது. மிச்சம் சிறுநீரகத்தால் வடிகிறது. சலம் கறுப்பது அதனால்தான். வடிகிற போக்கில் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைப் பழுதாக்குகிறது. அவை முற்றாகச் செத்துப் போவதில்லை. மெசினில் போட்டு ஆளைச் சில கிழமை தாக்குப்பிடிக்க வைத்தால் பெரும்பாலும் திரும்ப வேலை செய்யத் தொடங்கும். இதை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை.

பழைய புத்தகங்களில் இந்த நோய் வந்தவர்களின் கதை எல்லாம் ஒரே மாதிரி: வெளியிலிருந்து வந்தவர், பல்சிபாரம் திரும்பத் திரும்ப வந்தது, கினினைப் போட்டும் விட்டும் போட்டும் விட்டும்... அதை வாசிக்க வாசிக்க வாத்தியின் துண்டுப் பேப்பர்தான் கண்ணுக்குள் வந்தது. கினின்தான் நேரே காரணம் என்று ரொபேட் கொக் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாதாடியிருக்கிறார். மலேரியாதான் காரணம், கினின் அதைத் தூண்டிவிடுகிறது என்று மற்றவர்கள். 1950 க்குப் பிறகு குளோரோகுயின் வந்து கினின் பாவனை குறைய இந்த நோயும் அருகிப்போனது. குளோரோகுயின் வேலை செய்யாமல் போய்க் கினின் திரும்பி வர, தொண்ணூறுகளில் இதுவும் திரும்பி வந்தது. நாங்கள் போய் நின்றது சரியாக அந்த நேரம். ஜி-6-பி-டி என்ற நொதியம் பிறப்பிலேயே குறைந்தவர்களுக்குப் பிறைமாகுயின் போன்ற மருந்துகளாலும் இதே மாதிரிக் கறுத்துப் போகலாம். அதனால்தான் அந்த மருந்துக்கு முன் இரத்தம் சோதிக்கச் சொல்கிறார்கள்.

நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் (துப்புரவு வேலைதான்) ஒரு சிறுநீரக டொக்டர் அம்மா இருந்தார். இரவு வேலையில் ஒருநாள் துணிந்து கேட்டேன். ஆருக்கோ நடந்தது என்றுதான் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்கும். "அந்த ஒரு இரவு மருந்துதான் கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. கறுப்பாகப் போகத் தொடங்கியது அதற்கு முதலே. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்கள்" என்றார். இரண்டு வசனம். முதலாவதைப் பிடித்துக்கொண்டு நித்திரை கொள்ளலாம் என்று பார்த்தேன். இரண்டாவது விடுவதில்லை.

பாரிஸில் புல்வார் சென் மிஷேலில் ஒரு சிலை இருக்கிறது. 1820 இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து கினினைப் பிரித்தெடுத்த பெல்த்தியே, கவந்து என்ற இரண்டு பேருக்கும் வைத்தது. முதல் அவர்களுடைய வெண்கலச் சிலைதான் நின்றதாம். 1942 இல் ஜேர்மன்காரர் காலத்தில் உருக்கிவிட்டார்கள். இப்போது இருப்பது படுத்திருக்கிற ஒரு பெண்ணின் கற்சிலை. நான் அந்தப் பக்கம் போனால் சற்று நிற்பேன். கினின் கெட்ட மருந்தல்ல. உலகத்தில் எத்தனை இலட்சம் உயிரைக் காத்திருக்கும்! அதை அரைகுறையாகப் போட்டதும், போட்டதை மறைத்ததும்தான் பிழை.

வாத்தியின் தாய்க்கு அப்போது ரெலிபோன் இல்லை. கொழும்பிலிருந்த சொந்தக்காரர் மூலம் கடிதம் போனது. "மலேரியாவில் தவறிவிட்டார்" என்று எழுதினேன். 2005 ஆடியில், சமாதான காலத்தில், பிரெஞ்சு பாஸ்போட்டோடு ஏ-9 பாதையால் போய்க் கிளிநொச்சிப் பக்கம் அந்த அம்மாவைக் கண்டேன். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு முன்னால் இருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"மருந்து குடுத்தனீங்களோ தம்பி?"

"ஓம் அம்மா. நான்தான் வாங்கிக் குடுத்தனான்."

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. "அந்நிய தேசத்தில என்ர பிள்ளையைக் கைவிடேல்லைத்தானே நீ. நல்லா இருப்பாய்" என்றா. சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. இன்னொருமுறை வரும்போது சொல்லுவம் என்று நினைத்தேன். அந்த இன்னொருமுறை வரவில்லை. 2009 க்குப் பிறகு விசாரித்தேன். மாத்தளனில் செல்லடியில் தாயும் போய்விட்டாவாம். தங்கச்சி மட்டும் இருக்கிறா. அவவுக்கு இதை அனுப்புவதா இல்லையா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

இலங்கையில் உள்ளூர் மலேரியா கடைசியாகப் பதிவானது 2012 ஐப்பசியில். 2016 புரட்டாதியில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று அறிவித்தது. 1934-35 இல் 80,000 பேரைக் கொண்டுபோன நாடு, 1999 இல்கூட இரண்டு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல் நோயாளர் இருந்த நாடு. சந்தோசமான செய்திதான். ஆனால் அதே வருசங்களில் கனடாவுக்கென்று மேற்கு ஆபிரிக்காவில் இறக்கப்பட்டுக் கைவிடப்பட்ட எங்கட பெடியளைத் திருப்பி அனுப்பியபோது, சிலருடைய இரத்தத்தில் அந்தப் பக்கத்துப் பல்சிபாரம் இருந்தது. அவர்களும் எங்கள் மாதிரி ஒரு பூட்டின அறைக்குள் கிடந்திருப்பார்கள்.

இப்போது மருந்து திருந்திவிட்டது. கடும் மலேரியாவுக்கு இன்று ஆர்த்தீசுனேற் ஊசிதான் முதல் மருந்து. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு கிழமை கழித்து இரத்தம் உடைவது சிலருக்கு நடக்கிறது, அதனால் சுகம் வந்தாலும் திரும்பப் போய் இரத்தம் காட்டச் சொல்வார்கள். போக வேணும்.

அந்த அக்காவுக்கு நேற்று ரெலிபோன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். சொன்னது இவ்வளவுதான். பெடியன் ஒருநாள் லீவு எடுத்து டொக்டரிடம் போகட்டும். ஆரும் மிச்சம் வைத்த குளிசை வேண்டாம். தந்ததை முடிக்கும்வரை போடட்டும். போய் வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். சலத்தின் நிறத்தைப் பார்க்கட்டும், வெட்கப்படாமல் சொல்லட்டும். டொக்டர் எதைக் கேட்டாலும், என்ன போட்டோம், எங்கே வாங்கினோம், எல்லாவற்றையும் உள்ளபடி சொல்லட்டும்.

"ஏன் தம்பி, ஆருக்கும் ஏதும் நடந்ததோ?" என்று அக்கா கேட்டா.

ஓம் அக்கா என்றேன்.